சாட்சி சொன்ன சிறுவன்

உலகத்தை அதிகம் சிரிக்க வைத்தவர் யார் என்று கேட்டால், பெரும்பாலோர் யோசிக்காமல் சொல்லும் பெயர் சார்லி சாப்ளின். அவர் வறுமையில் பிறந்தார், பசித்திருந்தார், பின்னர் பெரும் செல்வந்தரானார் என்பதும் பலரும் அறிந்ததே. வறுமையை வென்ற மேதை என்ற வார்ப்புக்குள் அந்த வாழ்க்கை எளிதில் அடங்கிவிடுகிறது. அதற்குள் அடங்காத ஒரு பகுதியும் உண்டு. மீசை அரும்பும் முன்பே அவர் மனம் கலங்கிய ஒரு தாயின் ஒரே துணையாக இருந்தார். அந்தப் பொறுப்பை அவருக்கு எவரும் முறையாக ஒப்படைக்கவில்லை. அருகில் வேறு எவரும் இல்லாததால் அது அவர் தோளில் வந்து விழுந்தது.

1889 ஏப்ரல் 16-இல் பிறந்தவர் சார்லி. தாய் ஹன்னா, லண்டனின் மியூசிக் ஹால் எனப்படும் கேளிக்கை அரங்குகளில் லில்லி ஹார்லி என்ற மேடைப் பெயருடன் பாடியவர். தந்தையின் பெயரும் சார்லஸ் சாப்ளின்தான்; அவரும் பெயர்பெற்ற பாடகர். அக்காலக் கேளிக்கை அரங்குகளில் பாட்டும் மதுவும் ஒரே கூரையின்கீழ் விற்கப்பட்டன. பாடி முடித்த கலைஞர்கள் வாடிக்கையாளர்களோடு அமர்ந்து குடிப்பது தொழிலின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது. அந்தப் பழக்கம் தந்தையை விழுங்கியது. சார்லி சிறு குழந்தையாக இருந்தபோதே பெற்றோர் பிரிந்தனர். ஹன்னாவின் பொறுப்பில் இரண்டு பிள்ளைகள்: நான்கு வயது மூத்தவனான சிட்னி, இளையவன் சார்லி.

ஹன்னாவின் முதலீடு அவருடைய குரல் ஒன்றே. அது அடிக்கடி கம்மியது. பிறகு மேடையிலேயே உடையத் தொடங்கியது. 1894-இல் ஆல்டர்ஷாட் நகரில், படைவீரர்கள் நிறைந்த அரங்கில், பாடிக்கொண்டிருந்த ஹன்னாவின் குரல் திடீரென நின்றது. கூட்டம் கூச்சலிட்டது. அவர் மேடையை விட்டு இறங்க, ஐந்து வயதுச் சார்லி மேடையேற்றப்பட்டுப் பாடினான். காசுகள் வந்து விழுந்தன. தன்வரலாற்றில் சாப்ளின் இதைத் தமது முதல் மேடையாகவும் தாயின் கடைசி மேடையாகவும் நினைவுகூர்கிறார். தாய் விட்ட இடத்தில் பிள்ளை தொடர்ந்தாக வேண்டிய நிலை அன்றே தொடங்கிவிட்டது.

மேடை போனபின் ஹன்னா தையல் வேலைக்குத் திரும்பினார். ஒற்றை அறைகளில் குடியிருந்து, வாடகை கொடுக்க முடியாமல் அறை மாறி அறை மாறி வாழ்ந்த காலம் அது. நாடக உடைகள் ஒவ்வொன்றாக அடகுக்குப் போயின. ஆனாலும் அந்த அறைகளில் ஒரு கலைப் பள்ளி நடந்தது. ஹன்னா சன்னலோரம் அமர்ந்து தெருவில் போவோரைக் கவனிப்பார். அவர்கள் நடையையும் முகபாவத்தையும் பிள்ளைகளுக்கு நடித்துக் காட்டுவார். ஒருவருடைய நடையை வைத்தே அவர் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று கதை சொல்வார். கையாலும் முகத்தாலும் உணர்வை வெளிப்படுத்துவது மட்டுமன்றி, மனிதர்களை ஆழ்ந்து கவனிப்பதையும் தாயிடமே கற்றதாகச் சாப்ளின் பிற்காலத்தில் பதிவு செய்திருக்கிறார்.

அந்த நாள்களின் நிகழ்ச்சி ஒன்று அவருடைய கலைக்கே திறவுகோல் போன்றது. அவர்கள் குடியிருந்த தெருமுனையில் ஓர் இறைச்சிக்கூடம் இருந்தது. ஒருநாள் அங்கிருந்து ஓர் ஆடு தப்பியோடியது. அதைப் பிடிக்க ஓடியவர்கள் தடுக்கி விழ, தெருவே சிரித்தது; சார்லியும் சிரித்தான். ஆட்டைப் பிடித்துத் திரும்ப இழுத்துச் சென்றபோதுதான் அடுத்து நிகழப்போவது அவனுக்கு உறைத்தது. அழுதுகொண்டே தாயிடம் ஓடினான். சிரிப்பும் துயரும் ஒரே காட்சியில் கலந்து நிற்கும் தமது படங்களின் அடிப்படை அங்கிருந்து வந்திருக்கக்கூடும் என்று அவரே பின்னாளில் கருதினார்.

1896-இல் மூவரும் லாம்பெத் ஏழையர் விடுதியின் வாயிலில் நின்றனர். உழைக்க வலுவற்றோருக்கும் வழியற்றோருக்கும் உணவும் கூரையும் தந்து, பதிலுக்கு உழைப்பையும் மானத்தையும் வாங்கிக்கொண்ட அமைப்பு அது. உள்ளே நுழைந்ததும் தாய் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம் எனப் பிரித்துவிடுவார்கள். சில வாரங்களில் சிறுவர்கள் ஹான்வெல் நகரிலிருந்த ஏழைப் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளிக்கு அனுப்பப்பட்டனர். விரைவிலேயே சிட்னி பயிற்சிக் கப்பலுக்குப் போய்விட, ஏழு வயதுச் சார்லி அங்கே தனித்து விடப்பட்டான். தலையில் படர்தாமரை கண்டு முடி மழிக்கப்பட்டு, மருந்து பூசப்பட்ட தலையுடன் ஒதுக்கி வைக்கப்பட்ட நாள்களை அவர் ஒருபோதும் மறக்கவில்லை.

மீண்டும் விடுதிக்குள் வந்த பின், 1898 ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள் ஹன்னா செய்த காரியம் குறிப்பிடத்தக்கது. மூவரையும் விடுவிக்குமாறு முறைப்படி அறிவித்துவிட்டுப் பிள்ளைகளோடு வெளியே வந்தார். போக வீடில்லை. சிட்னியிடம் இருந்தது ஒன்பது பென்ஸ். அதில் கொஞ்சம் செர்ரிப் பழம் வாங்கிக்கொண்டு கென்னிங்டன் பூங்காவில் அமர்ந்தனர். செய்தித்தாளைச் சுருட்டிப் பந்தாக்கி விளையாடினர். தேநீரும் சிறு உணவும் பகிர்ந்துண்டனர். மாலையில் மீண்டும் அதே விடுதிக்குச் சென்று, எல்லாப் பதிவுகளையும் முதலிலிருந்து செய்யுமாறு கேட்டுச் சேர்ந்துகொண்டனர். ஒரே ஒரு பகல் பிள்ளைகளோடு குடும்பமாக இருப்பதற்காக ஒரு தாய் சட்டத்தின் கதவை இருமுறை தட்டினார். அந்தத் தாயின் மனம் அடுத்த மாதமே உடைந்தது. செப்டம்பரில் அவர் கேன் ஹில் மனநோய் விடுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அப்போது சார்லிக்கு வயது 9.

பிள்ளைகள் தந்தையின் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். அங்கே தந்தையோடு வாழ்ந்த பெண்ணும் குடிக்கு அடிமை. சிறுவர்களுக்குக் கதவு திறக்கப்படாத இரவுகள் உண்டு. நள்ளிரவு கடந்து தெருவில் தூங்கிக்கொண்டிருந்த இருவரையும் காவலர் ஒருவர் கண்டெடுத்ததும், குழந்தைகள் மீதான கொடுமையைத் தடுக்கும் சங்கத்தார் வீட்டுக்கு வந்து விசாரித்ததும் அக்காலத்தில்தான். ஏறத்தாழ இரண்டு மாதங்களில் ஹன்னா குணமடைந்து திரும்பினார். தாயோடு இருக்கலாம் என்பதே பிள்ளைகளுக்குப் பெரிய மீட்சி. ஆனால், போன நோய் திரும்பவும் வரும் என்ற அச்சமும் அன்றிலிருந்து அந்த வீட்டில் குடியேறியது.

அதன்பின் சார்லி குழந்தையாக இருந்த நாள்கள் குறைவு. தந்தையின் ஏற்பாட்டில், மரச்செருப்பு நடனம் ஆடும் சிறுவர் குழுவொன்றில் சேர்ந்தான். அவனுக்கு உணவும் தங்குமிடமும். அவன் தாய்க்கு வாரம் இரண்டரை ஷில்லிங். இதுவே அவன் தாய்க்கு ஈட்டிக் கொடுத்த முதல் முறையான வருவாய். 1901-இல் தந்தை 38 வயதில் குடியால் வந்த நோயில் மாண்டார். சார்லி கையில் கறுப்புத் துணி கட்டி மதுக்கூடங்களில் பூ விற்றான். மளிகைக் கடை எடுபிடியாக, மருத்துவர் வீட்டுப் பணியாளாக, கண்ணாடித் தொழிற்கூடத்தில், அச்சகத்தில் என்று கிடைத்த வேலையெல்லாம் பார்த்தான். சிட்னி கப்பல் வேலைக்குப் போனான். பௌனால் டெரஸ் என்ற தெருவில், நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும் சாய்ந்த கூரையடி அறையொன்றில் தாயும் இளைய மகனும் மட்டும் எஞ்சினர்.

1903-ஆம் ஆண்டின் தொடக்கம் மோசமாக இருந்தது. சிட்னியிடமிருந்து கடிதமில்லை. தவணை கட்ட முடியாததால் தையல் இயந்திரம் பறிமுதலானது. ஹன்னா வேலையற்றுச் சன்னலோரம் வெறித்தபடி உட்கார்ந்திருந்தார். சமைப்பதில்லை, அறையைப் பெருக்குவதில்லை. முன்பு சன்னல் வழியே தெருவைப் பார்த்து நடித்துக் காட்டியவர்தான்; பார்வையில் மட்டும் ஆள் இல்லை. அண்டை அயலில் ஒரு நண்பர் வீட்டில் சார்லிக்கு உணவு கிடைக்கும். வீட்டில் எதுவுமில்லை, அங்கே போய்ச் சாப்பிடு என்று தாயே அனுப்பிவைத்தார். தாயை விட்டுப் போக மனமின்றிப் போனான். திரும்பி வந்தபோது வாயிலில் நின்ற தெருப் பிள்ளைகள், அவன் தாய்க்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றனர். அவர் வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டி, பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் பரிசு என்று சொல்லி நிலக்கரித் துண்டுகளைக் கொடுத்திருக்கிறார்.

வட்டார ஏழையர் மருத்துவர் வந்து பார்த்தார். போதிய உணவின்மையால் உடல் நலிந்திருப்பதையும் சொல்லி, மருத்துவமனைக்கு அழைத்துப்போகுமாறு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வண்டியில்லை, உடன்வர ஆளில்லை. ஏறத்தாழ ஒரு மைல் தூரம் அந்தச் சிறுவன் தாயைத் தாங்கிப் பிடித்து நடத்திச் சென்றான். பசியால் வலுவிழந்த ஹன்னா தள்ளாடினார். பார்த்தவர்களுக்குக் குடித்த பெண்ணைச் சிறுவன் இழுத்துச் செல்வதாகவே தோன்றியிருக்கும். மருத்துவமனையில் தாயை உள்ளே அழைத்துச் சென்றபின், இனி எங்கே தங்குவாய் என்று மருத்துவர் அவனிடம் கேட்டார். அத்தை வீட்டில் என்றான். அது பொய். உண்மையைச் சொன்னால் மீண்டும் ஹான்வெல் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். வெறுமையான அறைக்கு அவன் தனியே திரும்பினான்.

இந்த நிகழ்வுகளைச் சாப்ளின் 1964-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் விரிவாக எழுதினார். அதில் இல்லாத ஒரு செய்தியை லாம்பெத் வட்டார ஆவணங்கள் சொல்கின்றன. அக்காலத்தில் ஓர் ஏழையை மனநோய் விடுதியில் சேர்க்கும்போது, மருத்துவரின் சான்றோடு, நோயாளியின் நடத்தையை நேரில் கண்ட ஒருவரின் வாக்குமூலமும் பதியப்படுவது உண்டு. 1903 மே 9-ஆம் நாளிட்ட அந்த ஆணையில் வாக்குமூலம் தந்தவராகக் குறிக்கப்பட்டிருப்பவர் மகன் சார்லஸ் சாப்ளின். தாய் இறந்துபோனவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார், அவர்கள் சன்னலுக்கு வெளியே தெரிவதாக நினைக்கிறார், இல்லாத மனிதர்களோடு உரையாடுகிறார், அயலார் அறைகளுக்குள் நுழைகிறார் என்று அவன் சொன்னது பதிவாகியிருக்கிறது.

ஒரு மாதத்துக்கு முன்புதான் 14 வயது நிறைந்த பிள்ளை, தன் தாய் சித்தம் கலங்கியவர் என்று அரசுக்குச் சாட்சி சொன்ன காகிதம் அது. சட்டத்தின் பார்வையில் அது ஒரு நடைமுறை. அந்தக் குடும்பத்தில் பேச வேறு வாய் இல்லை. ஆனால், தாயைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தைகளே அவரை உள்ளே அடைக்கும் வார்த்தைகளாகவும் ஆகும்போது, அந்தச் சுமையை 14 வயது மனம் எங்கே இறக்கி வைக்கும்? தம் இளமையின் எத்தனையோ அவமானங்களை வெளிப்படையாக எழுதிய சாப்ளின், இந்த வாக்குமூலத்தைப் பற்றி மட்டும் எழுதவில்லை.

அடுத்து வந்த நாள்களில் வீட்டுக்காரம்மாவின் கண்ணில் படாமல் அவன் ஒளிந்து திரிந்தான். கென்னிங்டன் சாலையின் பின்புறம் விறகு பிளந்து வாழ்ந்த ஏழைத் தொழிலாளர்களோடு சேர்ந்து உதவினான். அவர்கள் தங்கள் உணவில் பங்கு கொடுத்தார்கள். ஒருவழியாகச் சிட்னி கப்பலிலிருந்து பணத்தோடும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடும் வந்து சேர்ந்தான். சகோதரர்கள் இருவரும் கேன் ஹில் சென்று தாயைப் பார்த்தனர். வெளிறிப்போயிருந்த ஹன்னா, அன்று பிற்பகல் நீ ஒரு கோப்பை தேநீர் கொடுத்திருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்ற பொருளில் சார்லியிடம் சொன்னார். நோயின் போக்கில் வந்த பேச்சு அது. ஆயினும் அந்த வார்த்தை தம்மை நெடுங்காலம் துரத்தியதாக 75 வயதில் சாப்ளின் எழுதினார். வீட்டில் தேயிலையோ காசோ இல்லாத நாளில், கொடுக்க முடியாத ஒரு கோப்பைத் தேநீருக்காக ஒரு மனிதர் அறுபது ஆண்டுகள் வருந்தியிருக்கிறார்.

அதே 1903 ஜூலையில் ஷெர்லக் ஹோம்ஸ் நாடகத்தில் பில்லி என்னும் பணியாள் சிறுவன் வேடம் அவனுக்குக் கிடைத்தது. வாரம் இரண்டு பவுண்டு பத்து ஷில்லிங் ஊதியம். சரளமாக வாசிக்கத் தெரியாதவனுக்குச் சிட்னி வரிவரியாக வாசித்துக் காட்ட, பாடம் ஒப்பித்தான். 1904-இல் ஹன்னா தெளிவுற்று வந்து, பயணத்தில் இருந்த பிள்ளைகளோடு சில காலம் தங்கினார். வாங்குவதும் சமைப்பதுமாக மீண்டும் குடும்பம் நடத்தினார். அந்த நல்ல காலம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1905 மார்ச்சில், சார்லிக்கு 16 வயது நிறையும் முன்பே, அவர் மீண்டும் கேன் ஹில் விடுதிக்குள் சென்றார். இம்முறை ஏழு ஆண்டுகள்.

அந்த ஆண்டுகளில் சாப்ளின் நடிகராக உயர்ந்தார். 1908-இல் பிரெட் கார்னோவின் புகழ்பெற்ற நகைச்சுவைக் குழுவில் சேர்ந்தார். 1912-இல் அமெரிக்கா புறப்படும் முன் சகோதரர்கள் தாயைக் காணச் சென்றபோது, ஓயாமல் தேவாலயப் பாடல்களைப் பாடியதற்காக அவர் மெத்தைச் சுவர் அறையில் அடைக்கப்பட்டிருந்தார். சிட்னி உள்ளே சென்று பார்த்தார். சாப்ளினால் போக முடியவில்லை. தமக்கு அந்தத் துணிவு வரவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அதிர்ச்சி வைத்தியம் என்ற பெயரில் குளிர்நீர் ஊற்றப்பட்டு ஹன்னாவின் முகம் நீலம் பாரித்திருந்தது. உடனே இருவரும் தம் வருவாயிலிருந்து பணம் கட்டித் தாயைப் பெக்கம் பகுதியிலிருந்த தனியார் விடுதிக்கு மாற்றினர்.

பிறகு வந்த வெற்றிகள் உலகம் அறிந்தவை. 1916-இல் மியூச்சுவல் நிறுவனம் அவருக்கு ஓராண்டுக்குத் தர ஒப்பிய தொகை 6,70,000 டாலர். அப்போது அவருக்கு வயது 26. தாயை அமெரிக்காவுக்கு அழைத்துக்கொள்ள விரும்பினார். போரும் பிற தடைகளும் குறுக்கிட்டன. 1921-இன் தொடக்கத்தில் 'தி கிட்' வெளியானது. சாய்ந்த கூரையடி அறையொன்றில் ஓர் ஏழை மனிதனும் கைவிடப்பட்ட சிறுவனும் ஒருவரையொருவர் காப்பாற்றி வாழும் கதை அது. அநாதை விடுதி அதிகாரிகள் சிறுவனைப் பிடுங்கி வண்டியில் ஏற்றும்போது, கூரைகள் மீது ஓடிச்சென்று அந்த மனிதன் அவனை மீட்கிறான். ஹான்வெல் பள்ளிக்கு அனுப்பப்பட்ட ஏழு வயதுச் சிறுவனுக்கு எவரும் அப்படி ஓடிவரவில்லை. அந்தக் குறையைச் சாப்ளின் திரையில் தீர்த்துக்கொண்டார் என்றே தோன்றுகிறது.

அதே ஆண்டு ஹன்னா அமெரிக்கா வந்து சேர்ந்தார். கலிபோர்னியாவில் கடலோரம் ஒரு வீடு, உடனிருக்கச் செவிலி, பணிவிடைக்கு ஆள்கள் என எல்லாம் அமைந்தன. மகன் எவ்வளவு பெரியவன் என்பதை அவர் சில நேரம் உணர்ந்தார். சில நேரம் உணரவில்லை. சாப்ளின் அங்கே அடிக்கடி செல்லவில்லை. தாயை அந்த நிலையில் பார்ப்பது அவரைப் பல நாள்கள் முடக்கிவிடும் என்று அவரை அறிந்தோர் பதிவு செய்திருக்கின்றனர். பாசமில்லாமை என்று இதைத் தள்ளிவிட முடியாது. சிறு வயதில் அளவுக்கு மீறித் தாங்கிய தோள், வளர்ந்தபின் அதே இடத்தில் தொட்டாலே வலிக்கிறது. 1928 ஆகஸ்டில் ஹன்னா கிளெண்டேல் மருத்துவமனையில் கிடந்தபோது சாப்ளின் நாள்தோறும் சென்று வேடிக்கை காட்டித் தாயைச் சிரிக்க வைத்தார். ஆகஸ்ட் 28-இல் அவர் உயிர் பிரிந்தது. பின்னாளில் பிறந்த தம் மகள்களில் ஒருவருக்கு ஜோசஃபின் ஹன்னா என்று பெயரிட்டார் சாப்ளின்.

இவ்வாழ்க்கையைத் துன்பம் மேதையை உருவாக்கும் என்பதற்குச் சான்றாகக் காட்டுவது எளிது. அது தவறான பாடம். லாம்பெத் தெருக்களில் தாயையோ தந்தையையோ தாங்கி நடந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர்தான் சாப்ளின் ஆனார். மற்றவர்களின் பெயர் எந்தத் திரையிலும் இல்லை. சாப்ளினுக்குக்கூட அந்தப் பொறுப்பு இலவசமாக அமையவில்லை. அதன் விலையை அவர் வாழ்நாள் முழுவதும் செலுத்தினார்.

இத்தகைய பிள்ளைகள் கண்ணில் படாமல் போவதன் காரணமும் இந்த வரலாற்றிலேயே இருக்கிறது. சார்லி பொய் சொன்னான், ஒளிந்தான். உதவி என்ற பெயரில் அவன் அறிந்திருந்தது பிரிவு ஒன்றையே. உண்மையைச் சொன்னால் குடும்பம் கலையும் என்று அஞ்சும் பிள்ளை எந்த நாட்டிலும் வாய் திறக்காது. பள்ளிக்குத் தாமதமாக வரும், வீட்டுப்பாடம் செய்யாத, வகுப்பில் உறங்கிவிடும் மாணவன் முந்தைய இரவு யாருக்காக விழித்திருந்தான் என்பது பெரும்பாலும் கேட்கப்படுவதே இல்லை.

இங்கிலாந்தில் நோயுற்ற பெற்றோரைப் பராமரிக்கும் பிள்ளைகளின் தேவைகளை உள்ளாட்சி அமைப்புகள் கண்டறிந்து மதிப்பிட வேண்டும் என்பதை 2014-ஆம் ஆண்டுச் சட்டங்கள் கடமையாக்கின. சார்லி சாட்சி சொன்ன நாளிலிருந்து 111 ஆண்டுகள் கழித்து வந்த சட்டம். அந்த மருத்துவர் அன்று எங்கே தங்குவாய் என்று கேட்டதே பெரிது. ஆனால் கிடைத்த பதிலோடு அவர் நின்றுவிட்டார். நோயுற்றவரை விசாரிக்கும்போது உடன் நிற்கும் பிள்ளையையும் விசாரிப்பதும், அந்தப் பிள்ளை அஞ்சாமல் உண்மை சொல்வதற்கு இடம் தருவதும் ஒரு சமூகம் செய்யக்கூடிய மிகச் சிறிய உதவி. ஒரு கோப்பைத் தேநீருக்காக எந்தப் பிள்ளையும் அறுபது ஆண்டுகள் குற்ற உணர்வைச் சுமக்க நேரக்கூடாது.